வலியை வழிமறித்த வரலாறு

பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்று நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் வெளியே வந்து சொல்லும்போது, தாழ்வாரத்தில் காத்திருக்கும் உற்றார் உறவினர் கைகூப்பிப் பெருமூச்சு விடுகின்றனர். சோதனை முடிந்துவிட்டதென்றே அவர்கள் எண்ணுகின்றனர். உள்ளே கிடக்கும் நோயாளிக்கோ சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. கத்தி பட்ட நேரத்தில் அவர் உணர்விழந்திருந்தார். ஆதலால் அதனை அவர் அறியார். மயக்கம் தெளிந்தபின் வருகின்ற முதல் இரவையும், இரண்டாம் நாளையும், மூன்றாம் நாளையுமே அவர் அறிவார். வயிற்றைத் திறந்து குடலையோ இரைப்பையையோ ஈரலையோ அறுத்துச் சீர்செய்த சிகிச்சையாயின், அந்த மூன்று நாட்களும் மூன்று யுகங்களாகும்.

அறுவையின்போது வலியில்லாமல் செய்யும் வித்தையை மனிதன் 1846-ஆம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டான். அறுவைக்குப் பின் வரும் வலியை ஆளும் வித்தையைக் கற்க அவனுக்கு மேலும் நூறாண்டு பிடித்தது. அந்த நூறாண்டின் கதையையே இங்குக் கூற முற்படுகின்றோம். முதுகெலும்பின் நடுவே, மயிரிழை போன்றதோர் இடைவெளியில், மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி வலியை வழிமறிக்கும் முறை அது. எபிடூரல் என்று மருத்துவர் அதனை வழங்குவர். முதுகு ஊசி என்று மக்கள் வழங்குவர்.

வலி என்பது வெறும் துன்பந்தானே, பொறுத்துக்கொண்டால் போயிற்று என்று கருதுவோர் நம்மிடையே பலர். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை ஒரு பெருமையாகவும் நாம் பேசுவதுண்டு. ஆனால் வயிற்றுப் புண்ணின் வலி பொறுமையைச் சோதிப்பதோடு நிற்பதில்லை. மேல்வயிற்றில் நீளமாகக் கீறப்பட்ட ஒருவர் மூச்சை ஆழ்ந்து இழுத்தால் புண் இழுபடுகிறது. எனவே அவர் அரை மூச்சு, கால் மூச்சாக விடத் தொடங்குகிறார். இருமினால் உயிர் போவது போல் இருப்பதால் இருமலை அடக்குகிறார். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுச் செல்லாமல் அது சுருங்குகிறது. வெளியேற வேண்டிய சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி குடிபுகுகிறது. அறுவையில் பிழைத்தவர் நுரையீரல் சுரத்தில் மாள்வது இப்படித்தான். அசைய அஞ்சிப் படுத்தபடியே கிடப்பதால் காலின் நாளங்களில் இரத்தம் உறைவதும் உண்டு. வலியின் தூண்டுதலால் இதயம் விரைந்து துடிக்கிறது. குடலோ அசைவற்றுப் போய், வயிறு உப்பி, உணவை ஏற்க மறுக்கிறது. ஆகவே வலியைத் தணிப்பது நோயாளிக்கு நாம் காட்டும் சலுகையன்று. சிகிச்சையின் ஓர் அங்கமேயாகும். இவ்வுண்மை மருத்துவ உலகுக்குப் புலப்பட்டது மெல்ல மெல்லத்தான்.

1846 அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரச்செய்து ஒருவரை உணர்விழக்கச் செய்தார்; வாரன் என்ற முதுபெரும் அறுவை மருத்துவர் அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். அச்செய்தி கப்பலேறிக் கடல் கடந்து, மறு ஆண்டிலேயே கல்கத்தாவை எட்டியது. 1847-இல் அங்கும் ஈதர் கையாளப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, ஹூக்ளி நகரில் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கையசைவினால் உறக்க நிலையை உண்டாக்கும் மெஸ்மரிச முறையைக்கொண்டு அறுவை செய்து பெயர் பெற்றிருந்தார். ஈதரும் குளோரோபாரமும் வந்தபின் அம்முறை மங்கிவிட்டது. குளோரோபாரம் இதயத்தைக் கெடுக்கிறதா, மூச்சைக் கெடுக்கிறதா என்ற வழக்கைத் தீர்க்க 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக்குழுக்கள் அமைந்ததும் நம் நாட்டு ஐதராபாத்தில்தான். நிஜாமின் பொருளுதவியுடன் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் அவற்றை நடத்தினார். அந்நகரிலேயே பயின்ற ரூபாபாய் பர்துன்ஜி என்ற அம்மையார், மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட முதல் பெண்மணிகளுள் ஒருவராக விளங்கினார்.

ஆயினும் ஈதரும் குளோரோபாரமும் செய்தது ஒன்றே ஒன்றுதான். முன்னாளில் தந்தி அலுவலகங்கள் இருந்தனவல்லவா? அந்த உவமையால் இதனை விளக்கலாம். உடலில் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வலி என்ற தந்தி நரம்புகளின் வழியே புறப்பட்டு, முதுகுத் தண்டை அடைந்து, மூளையாகிய தலைநகருக்குச் செல்கிறது. ஆவி மருந்துகள் தலைநகரை உறங்கச் செய்தன. தந்தி வந்துகொண்டேயிருந்தது, பெற்றுக்கொள்ள ஆளில்லை. மருந்தின் ஆட்சி நீங்கித் தலைநகர் விழித்ததும், தந்திகள் அனைத்தும் மேசைமேல் வந்து குவிந்தன. அதன்பின் நோயாளிக்குத் துணை அபினியிலிருந்து எடுத்த மார்பின் ஒன்றே. மார்பின் வலியைத் தணிக்கும், ஐயமில்லை. ஆனால் அளவு ஏறினால் மூச்சைக் குறைக்கும், மயங்க வைக்கும், குமட்டும், ஏற்கெனவே சோர்ந்து கிடக்கும் குடலை மேலும் சோரச் செய்யும். வயிற்று அறுவையில் எது விரைந்து எழவேண்டுமோ, அதனையே இம்மருந்து படுக்க வைத்தது.

தலைநகரை உறங்க வைக்காமல், இடைநிலையம் ஒன்றில் தந்தியை நிறுத்திவிட முடியாதா? இக்கேள்விக்கு விடை 1884-ஆம் ஆண்டில் தோன்றத் தொடங்கியது. தென்னமெரிக்காவின் கோக்கா இலையிலிருந்து பிரித்தெடுத்த கோக்கெய்ன் என்ற பொருளைக் கண்ணில் சொட்டினால் கண் உணர்விழக்கிறது என்று வியன்னா நகரத்து இளைஞரான கார்ல் கொல்லர் அவ்வாண்டில் கண்டார். நோயாளி விழித்திருக்கையிலேயே கண்ணில் அறுவை செய்யலாம் என்பது அன்றைய உலகுக்குப் பெருவியப்பு. மறு ஆண்டே நியூயார்க்கில் கார்னிங் என்ற நரம்பு மருத்துவர், முதுகெலும்புகளின் இடையே இம்மருந்தை முதலில் ஒரு நாய்க்கும், பின்னர் ஒரு மனிதருக்கும் செலுத்தி, கால்கள் உணர்விழப்பதைக் கண்டார். தம் ஊசி எந்த இடத்தில் நின்றது என்பதை அவர் திட்டமாக அறிந்திலர். அவர் செய்தது எபிடூரலாகவே இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் கருதுகின்றனர்.

அந்த இடம் எது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். முதுகெலும்பு என்னும் எலும்புக் குழாயினுள்ளே தண்டுவடம் இறங்கி வருகிறது. அதனைச் சுற்றித் தெளிந்த நீர் நிரம்பியிருக்கிறது. அந்நீரையும் தண்டையும் ஒருசேரப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்கு டூரா மேட்டர் என்பது பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயரில் ஒரு தனிச்சுவை உண்டு. இலத்தீனில் இதற்குக் ‘கடின அன்னை’ என்று பொருள். உறைக்கு அன்னை எங்கே வந்தாள்? அரபு மருத்துவர்கள் மூளையின் உறைகளை மூளையின் தாய் என்று வழங்கினர்; ஒரு பொருளைத் தாங்கிச் சூழ்ந்திருப்பதைத் தாய் என்பது அம்மொழியின் மரபு. 12-ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தவர்கள் அத்தாயைச் சொல்லுக்குச் சொல் அப்படியே ஏற்றுக்கொண்டனர். இன்று உலகமெங்கும் மருத்துவர் வாயில் அந்த அரபுத் தாய் வாழ்கின்றாள். ‘எபி’ என்பது ‘மேலே’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ஆக, கடின அன்னையின் போர்வைக்கு மேலே, எலும்புக் குழாயின் உட்சுவருக்குக் கீழே, கொழுப்பும் சிறு நாளங்களும் தவழும் ஒடுங்கிய இடைவெளியே எபிடூரல் வெளியாகும். தண்டிலிருந்து புறப்படும் நரம்பு ஒவ்வொன்றும் இவ்வெளியைக் கடந்தே வெளியேற வேண்டும். தந்தியை நிறுத்துவதற்கு இதைவிடத் தக்க இடைநிலையம் வேறில்லை.

ஆனால் மருத்துவர்கள் முதலில் அந்த உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே சென்றனர். 1891-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் குவின்கே என்பவர், தண்டு நீரை ஊசியால் வெளிக்கொணரும் வழியைக் காட்டினார். அதே நகரத்தில் 1898 ஆகஸ்டு மாதம் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் அந்நீரில் கோக்கெய்னைக் கலந்து, காசநோயால் கணுக்கால் கெட்ட தொழிலாளி ஒருவருக்கு வலியின்றி அறுவை செய்தார். பின் நோயாளிகள் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டதால், காரணம் அறியத் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசி குத்தினார். மருந்துக் குழல் ஊசியோடு பொருந்தாமற்போகவே, தண்டு நீர்தான் பெருகி ஒழுகிற்று. உடனே ஹில்டெபிராண்ட் தம் முதுகைக் காட்டினார். அவருக்கு ஊசி பலித்தது. பியர் அவர் காலைக் கிள்ளினார்; சுருட்டு நெருப்பால் சுட்டார்; முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். ஹில்டெபிராண்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு இருவரும் மதுவருந்திக் கொண்டாடினர். மறுநாள் கொண்டாட்டத்திற்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. பியர் எழுந்து நிற்க முடியாத தலைவலியோடு ஒன்பது நாள் படுத்திருந்தார். உறையில் விழுந்த துளை வழியே தண்டு நீர் கசிந்ததே அதற்குக் காரணமாகும்.

உறையைத் துளைக்காமல் வெளியிலேயே நிற்க வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியிருந்தது. 1901-இல் பாரிஸ் நகரில் சிக்கார், கத்தலென் என்ற இருவர், ஒருவரையொருவர் சாராமலே, முதுகெலும்பின் அடிக்கோடியிலுள்ள இயற்கைத் துவாரத்தின் வழியே எபிடூரல் வெளியில் மருந்து செலுத்தினர். ஆனால் அடிவாரத்தில் இட்ட மருந்து இடுப்புக்குக் கீழே மட்டுமே பயன்பட்டது. வயிறு வரை ஏறவில்லை. வயிற்றை அடைய ஒரு ஸ்பானியர் வர வேண்டியிருந்தது.

அவர் பெயர் ஃபிடெல் பஹேஸ் மிராவே. 1886-இல் ஸ்பெயினின் வெஸ்கா நகரில் பிறந்து, இராணுவ மருத்துவரானவர். 1920 நவம்பரில் அவர் வழக்கம்போல் ஒரு நோயாளிக்குத் தண்டு நீரில் ஊசி போட முனைந்தார். ஊசி எலும்புகளின் இடையே சென்றது. உறையைத் துளைப்பதற்கு முன்னே, இங்கேயே நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. நிறுத்தினார், மருந்தைச் செலுத்தினார். உடலில் ஒரு பட்டை மட்டும், அப்பகுதிக்கு உரிய நரம்புகள் ஆளும் எல்லை மட்டும், உணர்விழந்தது. முதுகெலும்பின் எந்த மட்டத்திலும் இதனைச் செய்யலாம் என்பதை அவர் உணர்ந்தார். மார்பு மட்டத்தில் செய்தால் மேல்வயிறு மரக்கும். இடுப்பு மட்டத்தில் செய்தால் கீழ்ப்பகுதி மரக்கும். 43 நோயாளிகளிடம் கண்ட பயனைத் தொகுத்து, 1921-ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழி இதழில் வெளியிட்டார். ஊசி கடந்து செல்லும் ஒவ்வொரு அடுக்கையும் விரல் நுனியின் உணர்ச்சியாலேயே அறிய வேண்டும் என்று அதில் விளக்கினார். அவ்வாண்டிலேயே வட ஆப்பிரிக்காவில் ஸ்பானியப் படை பெருந்தோல்வியுற்றது; பஹேஸ் மெலில்லா நகருக்கு விரைந்து, காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1923 செப்டம்பரில், புர்கோஸ் நகருக்கருகே நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 37.

அவரோடு அவர் கண்ட முறையும் ஏறக்குறையப் புதைந்துபோயிற்று. அன்று மருத்துவ உலகம் ஜெர்மனையும் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் படித்தது. ஸ்பானியத்தைத் தேடிப் படித்தவர் மிகச் சிலரே. பத்தாண்டு கழிந்து 1931-இல், இத்தாலியின் டூரின் நகரத்து டோலியோட்டி, பஹேஸின் கட்டுரையை அறியாமலேயே அதே முறையைத் தாமும் கண்டு வெளியிட்டார். உலகம் அதனை டோலியோட்டியின் முறையென்றே சில காலம் கொண்டாடியது. ஸ்பானிய மொழி வழங்கும் அர்ஜென்டினா நாட்டிலிருந்து குட்டியெரெஸ் என்ற மருத்துவர் பஹேஸின் பெயரை எடுத்துரைத்தார். முந்தியவர் பஹேஸே என்பது பின்னர் யாவராலும் ஏற்கப்பட்டது. கண்டறிவது ஒரு பாதி. கண்டதை மற்றவர் மொழியில் சேர்ப்பது மறு பாதி. மொழிபெயர்ப்பாளன் ஒருவன் குறுக்கே வந்திருந்தால், அப்பத்தாண்டில் எத்தனை பேர் வலியிலிருந்து தப்பியிருப்பர் என்று எண்ணும்போது, நம் தொழிலின் பொறுப்பு நமக்கே புலப்படுகிறது.

டோலியோட்டியின் புகழும் வெறும் தற்செயலன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியை எப்படி ஐயமின்றி அறிவது என்பதற்கு அவர் ஓர் எளிய சான்று கூறினார். ஊசியோடு திரவம் நிரம்பிய குழலைப் பொருத்தி, அதன் தண்டைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே ஊசியைச் செலுத்த வேண்டும். ஊசிமுனை மஞ்சள் நாண் என்னும் கெட்டியான தசைநாரில் இருக்கும் வரை தண்டு இறங்க மறுக்கும். நாணைக் கடந்து எபிடூரல் வெளியில் நுழைந்த அக்கணமே, தடை முற்றும் விலகித் தண்டு தானே இறங்கிவிடும். பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருப்பவன், கதவு சட்டெனத் திறந்ததும் உணர்வதை மருத்துவரின் பெருவிரல் உணர்கிறது. குட்டியெரெஸ் வேறொரு வழி கண்டார். ஊசியின் வெளிவாயில் ஒரு சொட்டு நீரைத் தொங்கவிட்டார். முனை அவ்வெளியை அடைந்ததும் அச்சொட்டு உள்ளே இழுக்கப்பட்டு மறைந்தது. இத்தனை கருவிகள் பெருகிய இந்நாளிலும், உலகெங்கும் இவ்வெளியைப் பெரும்பாலும் அந்தப் பெருவிரலே கண்டறிகிறது.

ஆனால் ஒருமுறை இட்ட மருந்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்று நாள் வலிக்கு மூன்று நாள் மருந்து வேண்டுமே! ஒவ்வொரு முறையும் முதுகில் குத்திக்கொண்டிருக்க இயலுமா? இங்கே இரு அமெரிக்கக் கண்டத்து மருத்துவர்களின் கைகள் இணைகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் டூஹி என்பவர், தண்டு நீரில் மெல்லிய குழாயை விட்டுவைத்துத் தொடர்ந்து மருந்து செலுத்தும் முறையை 1940-களில் வளர்த்தார். ஹ்யூபர் என்ற பல் மருத்துவர் வகுத்த வளைந்த நுனியை அவர் தம் ஊசிக்கு அமைத்துக்கொண்டார். அந்நுனி குழாயை வேண்டிய திசையில் திருப்பிவிட்டது. 1946-இல் இதனை நேரில் கண்டு திரும்பினார் கியூபா நாட்டு மார்ட்டினெஸ் குர்பெலோ. 1947 ஜனவரி 13-ஆம் நாள், ஹவானாவில், சூலகக் கட்டிக்காக வயிற்றில் அறுவை வேண்டிய 40 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, டூஹியின் ஊசி வழியே, சிறுநீர்க் குழலுக்கென அமைந்த மெல்லிய குழாயை, தண்டு நீருக்குள் அன்று, எபிடூரல் வெளியிலேயே செலுத்தி வைத்தார். இம்முறை 1949-இல் ஆங்கில இதழில் வெளியானது. ஆதலால் பஹேஸுக்கு நேர்ந்த கதி இவருக்கு நேரவில்லை. ஊசியை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் விட்டுவைத்தால், அறுவை முடிந்தபின்னும் நாட்கணக்கில் மருந்து தரலாம் என்ற கதவு அன்று திறந்தது.

கதவு திறந்தபோதே அச்சமும் நுழைந்தது. 1947 அக்டோபர் 13-ஆம் நாள், இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில், ஊல்லி, ரோ என்ற இரண்டு தொழிலாளர்களுக்குத் தண்டு நீரில் ஊசி போடப்பட்டது. ஒரே நாளில் சிறு அறுவைக்காக வந்த அவ்விருவரும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தனர். 1953-இல் வழக்கு நடந்தது. மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்க ஊறவைத்த ஃபீனால், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே உள்ளே புகுந்திருக்கலாம் என்று நீதிமன்றம் கொண்டது. அன்றைய அறிவுக்கு எட்டாத தீங்குக்கு மருத்துவரைக் குற்றவாளியாக்க மறுத்தது. உண்மைக் காரணம் வேறென்று பிற்கால ஆய்வாளர் வாதிட்டதும் உண்டு. எதுவாயினும், முதுகில் ஊசியென்றாலே பிரிட்டனில் பல்லாண்டுக் காலம் மக்களும் மருத்துவரும் அஞ்சினர். அவ்வச்சத்தின் நிழல் நம் நாட்டிலும் இன்றளவும் மறைந்ததாகக் கூறுவதற்கில்லை.

அச்சத்தைக் குறைத்தவை நல்ல மருந்துகளும் நல்ல பழக்கமுமே. கோக்கெய்னின் நஞ்சு நீங்கிய மாற்றுகளைத் தேடியபோது, 1905-இல் ஜெர்மனியிலிருந்து நோவோகெய்ன் வந்தது. சுவீடன் நாட்டில் 1943-இல் லோஃப்கிரென், லுண்ட்க்விஸ்ட் என்போர் லிக்னோகெய்னை ஆக்கினர். அந்நாட்டிலேயே 1957-இல் ஆக்கப்பட்ட புபிவகெய்ன் நெடுநேரம் நின்று பயன் தந்தது. அதன்பின் 1973-இல் மூளையிலும் நரம்புகளிலும் அபினி வகை மருந்துகள் பற்றும் இடங்கள் உள்ளன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1976-இல் யாக்ஷ், ரூடி என்போர், மார்பினைத் தண்டுவடத்தின் அருகே இட்டாலே வலி அடங்கும் என்பதை எலிகளிடம் காட்டினர். 1979-இல் ஜெருசலேம் மருத்துவர்கள் எபிடூரல் வெளியில் மனிதருக்கு மார்பின் இட்டுப் பயன் கண்டனர். மரக்கச் செய்யும் மருந்தில் சிறிதளவும், அபினி வகை மருந்தில் சிறிதளவும் கலந்தால், இரண்டின் தீங்கும் குறைந்து நன்மை கூடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மருந்து நீர்த்திருப்பதால் வலியை ஏந்தும் மெல்லிய நரம்புகள் அடங்குகின்றன. கால்களை இயக்கும் தடித்த நரம்புகள் பெரும்பாலும் விழித்திருக்கின்றன. நோயாளி வலியின்றியும் இருக்கலாம், எழுந்து நடக்கவும் செய்யலாம்.

நடப்பதா? வயிற்றில் அறுவை செய்துகொண்டவர் இரண்டு மூன்று வாரம் படுக்கையை விட்டு அசையலாகாது என்பதே முன்னாளைய விதி. 1899-இலேயே சிகாகோ நகரத்து எமில் ரீஸ் என்பவர் தம் நோயாளிகளை விரைவில் எழச்செய்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1940-களில் லைட்ஹாசர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அதனை வற்புறுத்தினார். படுக்கையே பகை என்ற எண்ணம் மெல்லப் பரவிற்று. ஆனால் வலியைத் தணிக்காமல் எழுந்து நடவென்றால் யாரால் இயலும்?

இவ்விரு நீரோடைகளையும் ஒன்றுசேர்த்தவர் டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட். அறுவை சரியாகவே நடந்திருக்க, நோயாளி ஏன் இன்னும் மருத்துவமனையில் கிடக்கிறார் என்பதே அவர் ஆராய்ந்த கேள்வி. வலி, குடற்சோர்வு, குமட்டல், பசி, களைப்பு, தேவையற்ற குழாய்கள், பழைய வழக்கங்கள் ஆகிய இவையே அவரைப் பிடித்து வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே அல்லாமல் ஒருசேரத் தாக்க வேண்டும் என்று 1990-களில் அவர் எழுதினார். மார்பு மட்டத்தில் எபிடூரல். அன்றே வாய்வழி நீரும் உணவும். அன்றே எழுந்து நிற்றல். வயிற்றுக் குழாய்களை விரைவில் அகற்றுதல். பெருங்குடலில் ஒரு பகுதியை அறுத்து நீக்கிய 60 நோயாளிகள் பற்றி 2000-ஆம் ஆண்டில் அவர் குழு வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை வியக்க வைத்தது. அதுகாறும் 6 முதல் 10 நாள் தங்கிய இடத்தில், அவர்களுள் பெரும்பாலோர் இரண்டு நாளில் வீடு திரும்பினர். சிலர் மீண்டும் வந்து சேர வேண்டியிருந்ததையும் அக்குழு மறைக்கவில்லை. இவ்வழியைப் பின்பற்றி ஐரோப்பிய மருத்துவர்கள் 2001-இல் தொடங்கிய கூட்டாய்வு, இன்று ஈராஸ் என்ற பெயரால் பல நாடுகளில் பரவியிருக்கிறது.

வலியை அடக்குவதால் உயிரும் காக்கப்படுகிறதா? இக்கேள்விக்கு விடை நேர்கோட்டில் செல்லவில்லை. 2000-ஆம் ஆண்டில் 141 ஆய்வுகளையும் 9,559 நோயாளிகளையும் ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், முதுகு ஊசி பெற்றவரிடையே மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றனர். 2002-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் தலைமையில், வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்ட, ஆபத்து மிகுந்த 915 நோயாளிகளை வைத்து நடத்திய நேர்முகச் சோதனையோ மரணத்தில் வேறுபாடு இல்லை என்றது. ஆனால் வலி நன்கு தணிந்ததையும், மூச்சுத் திணறி நுரையீரல் செயலிழப்பது 30 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததையும் அச்சோதனையும் கண்டது. குடல் விரைவில் விழித்துக்கொள்கிறது என்பதைப் பின்வந்த தொகுப்பாய்வுகளும் உறுதி செய்தன. ஆகவே எபிடூரல் ஒரு சஞ்சீவி மூலிகையன்று. மூச்சுக்கும் குடலுக்கும் ஒரு நல்ல தோழன் என்று கூறுவதே நேர்மையாகும்.

தோழனுக்கும் குறைகள் உண்டு. இரத்த அழுத்தம் தாழலாம்; சிறுநீர் கழிப்பது தடைப்படலாம்; உடல் அரிக்கலாம்; கால் தளரலாம்; குழாய் இடம் பெயர்ந்து பயனற்றுப் போகலாம்; தவறி உறை துளைபட்டால், பியர் பட்ட தலைவலியை நோயாளியும் படலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்கு அவ்வெளியில் இரத்தம் கட்டித் தண்டை நசுக்கும் அபாயம் உண்டு. எனவே அம்மருந்தைப் பற்றி மருத்துவரிடம் மறைக்கலாகாது. நிரந்தரத் தீங்கு மிக அரிது. 2009-இல் வெளியான பிரிட்டானிய நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, முதுகு ஊசி வகைகள் அனைத்தையும் சேர்த்து, இலட்சம் பேரில் 2 முதல் 4 பேருக்கே அது நேர்ந்தது. வயிற்று அறுவைக்குப் பின் வைக்கும் எபிடூரலில் இவ்விகிதம் மற்றவற்றைவிடக் கூடுதலாயிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுவதும் முதுகு வலிக்கும் என்ற பேச்சு நம்மிடையே வீட்டுக்கு வீடு உண்டு. ஊசி குத்திய இடத்தில் சில நாள் நோவிருப்பது இயல்பு. ஆனால் பிரசவத்தில் எபிடூரல் பெற்ற தாய்மாரையும் பெறாத தாய்மாரையும் நெடுநாள் தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வுகள், நீடித்த முதுகுவலியில் வேறுபாடு காணவில்லை.

இன்று சிறு துளைகளின் வழியே செய்யும் வயிற்று அறுவை பெருகிவிட்டது. அவற்றுக்கு எபிடூரல் தேவையில்லை என்றே வல்லுநர் கருதுகின்றனர். வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்வதும், தண்டு நீரில் ஒருமுறை சிறிதளவு மார்பின் இடுவதும் போதுமானவையாக உள்ளன. வயிற்றை நீளத் திறந்து செய்யும் பெரிய அறுவைக்கோ பஹேஸின் வழி இன்னும் பயன்பட்டு வருகிறது. எந்த வழியாயினும் அதனைக் காக்க விழிப்புள்ள கண்கள் வேண்டும். குழாயை வைப்பதோடு வேலை முடிவதில்லை; இரவெல்லாம் மூச்சையும் அழுத்தத்தையும் காலின் அசைவையும் பார்த்துக் குறிக்கும் செவிலியர் இன்றேல், நுண்குழாய் நன்மைக்குப் பதில் தீமையே செய்யும். இம்முறை நம் நாட்டின் எல்லா மருத்துவமனைகளுக்கும் எட்டாமலிருப்பதற்குக் கருவியின் விலையைவிட, கண்விழித்திருக்கும் ஆட்களின் குறைவே பெருங்காரணம் எனலாம்.

ஒரு மருத்துவர் ஊசியைச் சற்று முன்னே நிறுத்தினார். ஒருவர் தடை விலகும் கணத்தை விரலால் அறியக் கற்பித்தார். ஒருவர் அங்கே ஒரு குழாயை விட்டுவைத்தார். ஒருவர் நோயாளியைக் கைதாங்கி எழுப்பி நடக்கவிட்டார். அறுவைக்கு முன்னாளில், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் நம் படுக்கையருகே வந்து நிற்பார். அறுவைக்குப்பின் என் வலியை எப்படித் தணிப்பீர்கள் என்று அவரிடம் கேட்பதில் நாணம் வேண்டியதில்லை, அது கோழைத்தனமுமன்று. ஆழ்ந்து மூச்சிழுக்கவும், இருமவும், எழுந்து நாலடி நடக்கவும் ஒரு நோயாளிக்கு உள்ள உரிமையைக் கேட்பதே அது.